அடுப்பைச் சுமப்பதா, விடுவதா: ரே ஏரிகளுக்கு இரண்டு முறை போய் வந்த கணக்கு

கலிபோர்னியாவின் கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில் உள்ள ரே ஏரிகள் சுற்றுப்பாதையை ஆகஸ்டில் நடப்பதென்று நானும் என் மனைவியின் தம்பியும் மார்ச் மாதமே முடிவு செய்திருந்தோம். சுமார் 66 கிலோமீட்டர் நடை அது. 1,535 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரோட்ஸ் எண்டில் தொடங்கி, 3,651 மீட்டர் உயரமுள்ள கிளென் கணவாயைத் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். எங்கள் கணக்கில் நான்கு பகல், மூன்று இரவு. அதற்கு முந்தைய ஆண்டு வேறொரு மலையில் 16 கிலோ பையைச் சுமந்து இறங்கியதில் என் வலது முழங்கால் வீங்கி, இரண்டு வாரம் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தேன். ஆகவே இந்த முறை பைக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதிய பிறகே எடுத்துச் செல்வது என்பதில் உறுதியாக இருந்தேன்.

கூடாரம், உறக்கப்பை, முதுகுப்பை மூன்றிலும் குறைக்கக் கூடியதைக் குறைத்தாகிவிட்டது. உணவைக் கரடியிடமிருந்து காக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா அந்தப் பாதையில் கட்டாயம். எங்களிடம் இருந்தது 1,160 கிராம், அதில் ஒரு கிராமும் குறைக்க வழியில்லை. மிஞ்சியது சமையல் மூட்டை. அதன் எடைகள் நோட்டில் இப்படி இருந்தன: கேஸ் டப்பாவின் தலையில் திருகும் சிறு டைட்டானியம் பர்னர் 25 கிராம், 110 கிராம் வாயு நிரப்பிய சிறிய டப்பா, இரும்பு உடலோடு சேர்த்து 211 கிராம், 750 மில்லி டைட்டானியம் பாத்திரம் மூடியோடு 105 கிராம். மொத்தம் 341 கிராம். லைட்டரை அவசரத் தேவைக்கென்று எப்படியும் கொண்டு போவோம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. இந்த 341 கிராமையும் இறக்கி வைத்துவிட்டுப் போக முடியுமா என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமே இல்லை. கிங்ஸ் கேன்யனில் 10,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 3,050 மீட்டருக்கு மேல் விறகுத்தீ கூடாது. ரே ஏரிகள் இருப்பதோ சுமார் 3,200 மீட்டரில். அந்த உயரத்தில் மரங்கள் மிக மெல்ல வளர்கின்றன. விழுந்து கிடக்கும் கட்டை அங்கேயே மக்கினால்தான் அந்த ஒட்டுமண்ணுக்குச் சத்து கிடைக்கும். சட்டம் இல்லாவிட்டாலும் அதை எரிக்க எனக்கு மனம் வராது.

முதலில் செய்து பார்த்தது ஸ்பிரிட் அடுப்பு. எடை குறைத்து நடப்பவர்களிடையே பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் எளிய வடிவம் இது. 85 கிராம் பூனை உணவு அடைத்து வரும் அலுமினிய டப்பா ஒன்றும், காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் கருவி ஒன்றும் போதும். டப்பாவைக் கழுவி, உள்விளிம்பில் கூர்மை இருந்தால் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துச் சமன் செய்தேன். விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு வரிசைத் துளையும், அதற்குக் கீழே, மேல்வரிசைத் துளைகளின் இடைவெளிக்கு நேராக இரண்டாம் வரிசைத் துளையும் போட்டேன். துளைகள் நேருக்கு நேர் அமைந்தால் இடையிலுள்ள தகடு மெலிந்து, பாத்திரத்தின் பாரத்தில் நசுங்கிவிடும். என் முதல் டப்பா அப்படித்தான் வீணாயிற்று. எரிபொருளை ஊற்றிப் பற்ற வைத்து, அது சூடேறிச் சுடர் உயரும் வரை அரை நிமிடம் பொறுத்து, பிறகு பாத்திரத்தை டப்பாவின் மேலேயே வைத்தால், மேல்வாய் அடைபட்டுச் சுடர் பக்கத் துளைகள் வழியே சீராக வெளிவருகிறது. அடுப்பு 7 கிராம், அலுமினியத் தாளை மடித்துச் செய்த காற்றுத்தடுப்பு 14 கிராம், எரிபொருள் பாட்டில் 18 கிராம்.

எரிபொருளாகக் கிடைத்தது பெட்ரோல் டாங்கில் ஈரம் சேராமல் இருக்க ஊற்றுவதற்கென்று விற்கும் மெத்தனால். மெத்தனால் எத்தகைய நஞ்சு என்பது கள்ளச்சாராயச் சாவுகளைச் செய்திகளில் படித்து வரும் நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உணவுப் பையிலிருந்து தள்ளி, தனி நிற பாட்டிலில், பெரிதாகப் பெயர் எழுதி வைத்தேன். வீட்டின் பின்புறச் சிமெண்டுத் தரையில், காற்றில்லாத மாலையில் 30 மில்லி எரிபொருள் 500 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்தது. கேஸ் அடுப்பில் அதே வேலைக்கு 7 கிராம் வாயு போதுமானதாக இருந்தது. 30 மில்லி மெத்தனால் ஏறக்குறைய 24 கிராம். இந்த இரண்டு எண்களும் கிடைத்தவுடன் கணக்கு தெளிவாகிவிட்டது. பாத்திரம் இரண்டுக்கும் பொது என்பதால் அதை நீக்கிப் பார்த்தால், கேஸ் அடுப்பு எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் 236 கிராமில் புறப்படுகிறது. ஸ்பிரிட் அடுப்பு 39 கிராமில் தொடங்கி, ஒவ்வொரு முறை கொதிக்க வைப்பதற்கும் 24 கிராம் கூடுகிறது. எட்டு கொதி வரை ஸ்பிரிட் இலகு. ஒன்பதாவதில் கேஸ் முந்துகிறது. ஒருவர் தனியாக இரண்டு இரவு போவதென்றால் ஸ்பிரிட் அடுப்பு நல்ல தேர்வு. நாங்கள் இருவர், மாலையில் இரண்டு கொதி, காலையில் ஒன்று, மூன்று நாளுக்கு ஒன்பது. எடையிலேயே தோற்றுவிட்டது.

எடை ஒருபுறமிருக்க, நான் அதைக் கைவிட்டதற்குப் பெரிய காரணம் வேறு. ஒரு நாள் வெயில் இருக்கும்போது சோதித்துக்கொண்டிருந்தேன். தீ அணைந்துவிட்டதென்று நினைத்து மீண்டும் எரிபொருள் ஊற்றப் பாட்டிலைச் சாய்க்கப் போன நேரத்தில் மணிக்கட்டில் சூடு பட்டது. மெத்தனால் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊற்றியிருந்தால் பாட்டிலுக்கே தீ ஏறியிருக்கும். கலிபோர்னியாவில் கோடையில் தீத்தடை அறிவிக்கும்போது, திருகி அணைக்க வால்வு உள்ள அடுப்புகளை மட்டும் அனுமதித்து, ஸ்பிரிட் அடுப்பையும், கட்டி எரிபொருள் வில்லையில் எரியும் எரிமாத்திரை அடுப்பையும் விலக்கி வைப்பது வழக்கம். அந்த விதியின் நியாயம் எனக்கு அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது. 2013 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில் வேட்டைக்குப் போன ஒருவர் விதியை மீறி மூட்டிய தீயிலிருந்து பரவிய ரிம் பெருந்தீ 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் எரித்தது. காய்ந்த ஊசியிலை மெத்தையின் மேல், தட்டிவிட்டால் கவிழும், அணைக்க முடியாத, கண்ணுக்குத் தெரியாத சுடரை வைத்துக்கொண்டு உட்கார எனக்கு விருப்பமில்லை. பூனை டப்பா இப்போது அலமாரியில் இருக்கிறது.

அடுத்தது அடுப்பே இல்லாமல் போவது. திருகு மூடியுள்ள 50 கிராம் பிளாஸ்டிக் ஜாடியில் உலர்ந்த உணவையும் பச்சைத் தண்ணீரையும் போட்டு, நடக்கும்போதே ஊறவிட்டு, இறங்குமிடத்தில் அப்படியே சாப்பிடுவது. இது புதுமை அல்ல. 1955-இல், 67 வயதில், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் நடைபாதையின் 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைத் தனியே நடந்து முடித்த எம்மா கேட்வுட் பாட்டி, தானே தைத்த துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, உலர்திராட்சையும் கடலையும் டப்பா இறைச்சியுமாகத்தான் பெரும்பாலும் காலம் தள்ளினார். நமக்கோ, வழிநடைக்கு ஊறவைத்துத் தின்னும் உணவு குசேலர் கந்தலில் முடிந்துகொண்டு போன காலத்திலிருந்தே கையில் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடிக்கும்போதே அவல் பாதி வெந்துவிடுகிறது. அதனால்தான் அதற்குத் தண்ணீர் மட்டும் போதுமானதாக இருக்கிறது. அரிசியை எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் அது அரிசியாகவே இருக்கும்.

மலைத் தண்ணீரின் குளிர்ச்சிக்காக, ஜாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தே இரண்டு வாரம் சோதித்தேன். மெல்லிய அவல் ஐந்து நிமிடத்தில் கூழானது. கெட்டி அவல் 40 நிமிடத்தில் பதமாக வந்தது. சிவப்பு அவலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. கோதுமை ரவையில் செய்யும் சிறு குருணையான கூஸ்கூஸ் 35 நிமிடம், சாதாரண மசாலா நூடுல்ஸ் முக்கால் மணி. உருளைக்கிழங்குச் செதில்கள் கலக்கிய உடனே தயாராயின, ஆனால் இரண்டாம் நாளே வாய்க்குப் பிடிக்கவில்லை. அவலில் கலக்க, என் மனைவி நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, நீர் முழுக்க வற்றும் வரை கிளறிய புளிக்காய்ச்சல் செய்து தந்தாள். இதில் எண்ணெய்த் தேர்வு முக்கியம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்து மெழுகாகிவிடுகிறது. நல்லெண்ணெய் அந்தக் குளிரில் உறையாமல் அவலோடு கலக்கிறது. 100 கிராம் கெட்டி அவல், 60 கிராம் புளிக்காய்ச்சல், 40 கிராம் வறுத்த வேர்க்கடலை சேர்ந்தால் 200 கிராமில் ஏறக்குறைய 800 கலோரி. வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அது அருமையாகவே இருந்தது.

இரண்டு விஷயங்கள் அப்போதே கவனத்துக்கு வந்தன. ஒன்று, ஊறும் தண்ணீரின் எடை. மாலை ஐந்து மணிக்குச் சாப்பிட வேண்டுமானால் நான்கே காலுக்கே ஜாடியில் 200 மில்லி ஊற்றியாக வேண்டும். அந்தக் கடைசி முக்கால் மணி நேரம் நாம் சுமப்பது அடுப்பும் கேஸும் சேர்ந்த எடைக்குக் கிட்டத்தட்டச் சமம். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்றொன்று இடம். அவல் எடையில் குறைவு, பருமனில் அதிகம். கரடி டப்பாவோ 11.5 லிட்டர்தான். இருவருக்கு நான்கு நாள் உணவு உள்ளே போக வேண்டும் என்பதால், அவல் பொட்டலங்களின் காற்றை அழுத்தி வெளியேற்றியும் போதாமல், இரண்டு வேளைக்கு அதில் பாதி இடம்கூடப் பிடிக்காத கூஸ்கூஸுக்கு மாற வேண்டியிருந்தது.

இருவர் என்னும்போது மிச்சப்படும் எடையையும் சரியாகப் பார்க்க வேண்டும். அடுப்பு ஒன்றே இருவருக்கும் போதும்; ஊறவைக்கும் ஜாடி ஆளுக்கொன்று வேண்டும். 341 கிராமைக் கழற்றி 100 கிராமைச் சேர்த்தால் மிச்சம் 241, ஆளுக்கு 120 கிராம். தனியாக நடப்பவருக்குக் கிடைக்கும் 291 கிராம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. இருந்தும், ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில், முயன்று பார்க்கலாம் என்று அடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

முதல் நாள் நான் எடுத்த முடிவு மிகச் சரி என்றே தோன்றியது. பாரடைஸ் பள்ளத்தாக்கை அடையும்போது சட்டை நனைய வியர்த்திருந்தது. சுடுசோறு கிடைத்திருந்தாலும் வேண்டாம் என்றிருப்போம். குளிர்ந்த புளி அவல் இறங்கியது. பாத்திரம் கழுவும் வேலை இல்லை, ஜாடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் குடித்துவிட்டால் முடிந்தது. காலையில் பொட்டுக்கடலை மாவில் வெல்லத்தூளும் ஏலமும் கலந்ததைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, விழித்த 25 நிமிடத்தில் நடக்கத் தொடங்கினோம்.

இரண்டாம் நாள், உட்ஸ் ஓடையின் தொங்குபாலத்தை ஒவ்வொருவராகக் கடந்து மேலே ஏறி, ஃபின் டோம் சிகரம் கண்ணில் படும் இடத்துக்கு வந்தபோது மணி இரண்டு. இடி தொடங்கியது. இந்தப் பாதை இருக்கும் சியரா நெவாடா மலைத்தொடரில் கோடைப் பிற்பகல்களில் இது வழக்கம்தான். ஆனால் மழையோடு பட்டாணி அளவில் ஆலங்கட்டியும் விழுந்து, கூடாரம் அடிப்பதற்குள் இருவரின் விரல்களும் மரத்துவிட்டன. உலர்ந்த உடைக்கு மாறி உறக்கப்பைக்குள் உட்கார்ந்து ஜாடியைத் திறந்தபோது, மதியமே ஊறப்போட்ட அவல், குளிரில் வைத்த பழைய சோறு விறைப்பது போல, மீண்டும் விறைத்திருந்தது. உயரம் ஏறினாலே பசி மந்திக்கும். அதோடு இந்தக் குளிர். அவன் நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு மூடியைத் திருகிவிட்டான்.

“அத்தான், பசி இருக்கு. ஆனா உள்ளே இறங்க மாட்டேங்குது. ஒரு டம்ளர் சுடுதண்ணி இருந்தாக்கூட இதைக் கலந்து குடிச்சிருவேன்” என்றான்.

எனக்குப் பதில் சொல்ல எதுவும் இல்லை. அடுப்பு வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றது நான்தான். மறுநாள் காலை வெப்பமானி 2 டிகிரி காட்டியது. கிளென் கணவாயின் கடைசி ஏற்றத்தில் அவன் இருபது அடிக்கு ஒரு முறை நின்றான். அது உயரத்தால் மட்டும் வந்த சோர்வல்ல, முந்தின இரவு வயிறு காலியாக இருந்ததாலும்தான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. என் பையிலிருந்த கடலைமிட்டாயை உடைத்து உடைத்துக் கொடுத்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கணவாய் தாண்டி விடெட் புல்வெளிப் பக்கம் இறங்கிய பிறகு வெயிலும் வந்தது, அவனுக்குப் பசியும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, கரடி டப்பாவில் மீந்ததை நிறுத்தது. இருவருக்கும் சேர்த்து 640 கிராம். உண்ணாமல் சுமந்த உணவு, கொண்டுபோகாத அடுப்பின் எடையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நோட்டில் அதுவரை நான் எழுதிய கணக்குகள் எல்லாம் பையில் ஏறும் எடையைப் பற்றியவை. வயிற்றில் இறங்கும் எடையைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை.

சூடான தண்ணீர் உடம்புக்கு நேரடியாக எவ்வளவு வெப்பம் தருகிறது என்றும் கணக்கிட்டுப் பார்த்தேன். 60 டிகிரியில் அரை லிட்டர் குடித்தால், உடல் வெப்பமான 37 டிகிரிக்கு அது ஆறும்போது நமக்குக் கிடைப்பது 12 கலோரிக்கும் குறைவு. ஒரே ஒரு முந்திரிப் பருப்பில் கிடைக்கும் அளவுதான் அது. ஆக, அடுப்பு உடம்பைச் சூடாக்குகிறது என்ற வாதம் நிற்கவில்லை. அடுப்பு செய்வது, 800 கலோரி உணவைத் தொண்டைக்குள் இறங்கும்படி ஆக்குவது. அந்த வேலைக்கு ஆளுக்கு 120 கிராம் எனக்கு இப்போது மிகக் குறைந்த விலையாகத் தெரிகிறது.

செப்டம்பர் கடைசி வாரத்தில் அதே பாதைக்கு அனுமதி கிடைத்தது. இந்த முறை கேஸ் அடுப்போடு, அதே உணவுகளை அதே அளவில் எடுத்துக்கொண்டு, அதே இடங்களில் தங்கினோம்; ஒப்பிட்டுப் பார்க்க வேறு வழியில்லை. ரே ஏரிகளில் இரவில் தண்ணீர் பாட்டிலின் வாயில் பனிக்கட்டி படிந்தது. குளிரில் கேஸ் டப்பாவை நடத்தும் விதம் தெரிந்திருக்க வேண்டும். மேசை அடுப்புகளுக்கு வரும் சாதாரண பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே, −0.5 டிகிரியில்தான் கொதித்து ஆவியாகும். அதற்கும் குளிர்ந்தால் டப்பாவுக்குள் திரவமாகவே கிடக்கும். மலைக்கு என்று விற்பதில் பெரும்பகுதி −12 டிகிரி அளவிலேயே ஆவியாகும் ஐசோபியூட்டேன், அதோடு கொஞ்சம் புரொப்பேன். அப்படியிருந்தும், ஆவியாகும்போது டப்பா தன் வெப்பத்தை இழந்துகொண்டே போவதால், இரவில் அதை உறக்கப்பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டு, காலையில் வெளியே எடுத்த சூட்டோடு பற்ற வைத்தேன். சுடர் ஒரு முறைகூட மங்கவில்லை.

ஸ்பிரிட் அடுப்புக்குச் செய்த காற்றுத்தடுப்பை இதற்குச் சுற்றக் கூடாது. பர்னரின் வெப்பம் தடுப்புக்குள் தேங்கி, நேர் கீழே இருக்கும் டப்பாவைச் சூடாக்கினால் அது வெடிக்கக்கூடும். காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு பாறையையோ பையையோ மறைப்பாக வைத்துவிட்டு, அவ்வப்போது டப்பாவைக் கையால் தொட்டுப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தால் கவலையில்லை.

இந்தப் பயணத்தில் கற்ற பயனுள்ள விஷயம், கொதிக்க வைக்கவே தேவையில்லை என்பது. 3,200 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். குடிநீரை வடிகட்டிதான் எடுக்கிறோம், ஆகவே கிருமிக்காகக் கொதிக்க வைக்க வேண்டியதும் இல்லை. அவலுக்கும் கூஸ்கூஸுக்கும் 70 டிகிரி அளவே போதும்; பாத்திரத்தின் அடியில் சிறு குமிழிகள் ஒட்டி, நீராவி எழத் தொடங்கும்போதே அணைத்துவிட்டேன். ஊறவைப்பதையும் விடவில்லை: இறங்குமிடத்தை அடைந்ததும் அவலைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, கூடாரம் அடித்த பிறகு மேலே சூடான நீரை ஊற்றினால் இரண்டே நிமிடத்தில் ஆவி பறக்கும் புளி அவல். முக்கால் மணி நேரம் தண்ணீரைச் சுமக்கும் வேலையும் போயிற்று. மொத்தம் பத்து முறை அடுப்பு மூட்டினோம். திரும்பி வந்து நிறுத்தபோது டப்பா 153 கிராம். செலவானது 58 கிராம், முறைக்கு ஆறு கிராமுக்கும் குறைவு.

இரண்டாம் இரவு அவன் தன் பங்கு முழுவதையும் முடித்துவிட்டு, ஜாடியில் மீதச் சூட்டுத் தண்ணீரை ஊற்றி அலசி, அந்தப் புளித்தண்ணீரையும் ரசம் போலக் குடித்தான். கிளென் கணவாயில் எனக்கு முன்னால் போய் நின்று காத்திருந்தான். கரடி டப்பாவில் மீந்தது 90 கிராம், அதுவும் பெரும்பகுதி உலர்திராட்சை.

பாதி தீர்ந்த டப்பாவின் அடிப்பகுதியில் மார்க்கரால் 153 என்று எழுதி வைத்திருக்கிறேன். காலி இரும்பு 101 கிராம், ஆகவே உள்ளே இன்னும் 52 கிராம், ஒன்பது வேளைக்குக் காணும். மே மாதத்தில் பாயின்ட் ரேயிஸ் கடற்கரையில் ஒரே ஓர் இரவு தங்கப் போகிறோம். கடல் மட்டம், கணவாய் இல்லை, அரை நாள் நடை. அதற்கு அடுப்பை எடுக்கவில்லை. இரண்டு ஜாடியும் கெட்டி அவலும் மட்டும். புறப்படும் நாள் காலையில் பிளாஸ்கில் ரசம் ஊற்றிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டிருக்கிறான். பிளாஸ்கை இன்னும் நிறுக்கவில்லை.